அவர் பெயரில் ஒரு வரி

ஜூலை 8, திங்கள்

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து இன்றோடு ஐந்து நாள். சொட்டு மருந்து காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. நான் பள்ளியில் இருக்கும் இரண்டு வேளைக்கும் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி வந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பள்ளியில் விக்கி தொடங்கிவிட்டோம். அறிவியல் ஆசிரியை பர்வீன் மதுரைப் பயிற்சியிலிருந்து கொண்டுவந்த யோசனை. இணையத்தில் நமக்கென்று ஒரு தளம். ஒரே பக்கத்தை எல்லோரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். ஆசிரியர் பாடக் குறிப்பைப் போடுவார். அந்தப் பாடத்துக்கு நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது, எந்த அலமாரி என்று கீழே நான் சேர்ப்பேன். பதினான்கு வருஷமாக இங்கே நூலகராக இருக்கிறேன். எந்த வகுப்பில் என்ன பாடம் ஓடுகிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இனிமேல் தெரியும்.

ஆட்களைச் சேர்ப்பது, கடவுச்சொல் கொடுப்பது, பக்கத்தை நீக்குவது எல்லாம் என் பொறுப்பு. பத்தொன்பது பேருக்கும் ஒரே கடவுச்சொல். கூடாது என்றாள் பர்வீன். ஆளுக்கொன்று வைத்தால் ஆளுக்கொரு நாள் மறந்துவிட்டு என் தலையில்தான் வந்து நிற்பார்கள் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பறவைகள் பற்றிய புத்தகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். விக்கியில் நேற்று நான் சேர்த்த புத்தகம். அது அலமாரியை விட்டு இறங்கி ஆறு வருஷமாகிறது.

வரலாறு எடுக்கும் சங்கரலிங்கம் சார் நூலகத்துக்கு வந்தார். வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். கணினி முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“இந்த வயசுல எனக்கு எலி புடிக்கிற வேலை வேண்டாம் டீச்சர். நான் எழுதித் தந்துடுறேன். என் பேருல நீங்களே அடிச்சிடுங்க.”

பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். முத்து முத்தான கையெழுத்து. அடிப்பது சிரமமாக இல்லை.

ஜூலை 19, வெள்ளி

தலைமையாசிரியை சௌந்தரம் மேடம் கூட்டம் போட்டார். இது பள்ளியின் எழுபத்தைந்தாவது வருஷம். பள்ளியின் வரலாற்றை விக்கியில் ஒரு பக்கமாக எழுத வேண்டும், விழா மலருக்கு அதையே எடுத்துக்கொள்வார்களாம். எழுதுவது சங்கரலிங்கம் சார். பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது நான்.

வரும்போது அம்மாவுக்கு அரை கிலோ கேரட் வாங்கினேன். கண்ணுக்கு நல்லது என்று மாரீஸ்வரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவுக்குக் கேரட் பிடிக்காது.

ஜூலை 22, திங்கள்

நூலகத்தின் பின்அறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். பாதிக்கு மேல் கரையான் தின்றுவிட்டது. தப்பியதில் ஒன்று 1957-58, ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு. பைண்டிங் மட்டும் விட்டிருக்கிறது. ஒட்டுவதற்காக வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

“அது என்ன நோட்டு?” என்றார் அம்மா.

“பள்ளிக்கூட நோட்டும்மா.”

டாக்டர் இன்னும் இரண்டு வாரத்துக்கு எதையும் படிக்கக் கூடாது என்றிருக்கிறார். அதனால் காட்டவில்லை.

ஜூலை 24, புதன்

சங்கரலிங்கம் சார் விடுப்பு. திருநெல்வேலியில் தங்கை மகள் கல்யாணம். போவதற்கு முன் நான்கு தாள் கொடுத்திருந்தார். நிறுவனர் நிலம் கொடுத்தது, முதல் கட்டடம், கூரை பறந்துபோன மழை வருஷம், முதன்முதலில் மாநில அளவில் பரிசு வாங்கிய பையன் எல்லாம் அழகாக வந்திருக்கிறது. தம்முடைய அப்பா ஆவுடையப்பன் வாத்தியார் இங்கே பதினோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தார் என்பதையும் அடக்கமாக ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

பதினொன்றே முக்காலுக்கு அடித்து முடித்துச் சேமித்தேன். பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. பதிவேட்டில் உள்ளதுதான்.

பதிவேட்டின் முதுகுக்கு மைதாப் பசை காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் துத்தம் சேர்க்க மறக்கக் கூடாது.

ஜூலை 29, திங்கள்

பக்கம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பர்வீன் இரண்டு புகைப்படம் சேர்த்தாள். தமிழ் டீச்சர் ஒற்றுப் பிழை திருத்தினார். ஏழு பேர் திருத்தியிருக்கிறார்கள். ஏழு பேரும் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

சங்கரலிங்கம் சார் கல்யாண வீட்டு முறுக்கு கொடுத்தார். பக்கத்தைப் படித்தீர்களா சார் என்று கேட்டேன். “நான் எழுதுனதுதானே, அத எதுக்குப் படிச்சிக்கிட்டு” என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மூன்றாம் பீரியடில் சௌந்தரம் மேடம் கூப்பிட்டார். தாளாளரின் மகன் ஃபோனில் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார். மேடம் அச்செடுத்து, ஓர் இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்த இடத்தில் இருப்பது இது:

“1957-58 வருகைப் பதிவேட்டில் தெற்குத் தெருவிலிருந்து வந்த ஏழு பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘வ’ என்று குறித்திருக்கிறது. ‘வ’ என்றால் வராண்டா. அவர்கள் வகுப்புக்குள் உட்கார வைக்கப்படவில்லை.”

“இது எப்படி டீச்சர் உள்ள வந்துச்சு?”

“அது சார் பக்கம் மேடம்.”

“அதான் எனக்கும் புரியல. நம்ம ஆளே இப்படி எழுதலாமான்னு தாளாளர் கேக்குறாரு. நிறுவனர் அவரோட தாத்தா. வேற யாராவது எழுதியிருந்தா, ஏதோ ஒரு கோவத்துல எழுதிட்டாங்கன்னு விட்டிருப்பேங்குறாரு.”

வேறு யாராவது என்று சொல்லும்போது மேடம் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார்.

பக்கத்தை உடனே நீக்கச் சொன்னார். நீக்கினேன். உத்தரவு.

நீக்கிய பக்கம் முழுதாகப் போய்விடாது. நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி உள்ளே கிடக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்ன எழுதினார்கள் என்ற வரலாறும் கூடவே இருக்கும். அதையும் நிரந்தரமாக அழிக்க இன்னொரு பொத்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

சங்கரலிங்கம் சாருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். ஆதாரமில்லாமல் பள்ளியின் பெயருக்குக் களங்கம் வரும்படி எழுதியதற்குப் பத்து நாளில் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் துறைக்கு எழுதுவார்கள். துறைக்குப் போனால் ஓய்வூதியம் கிடப்பில் போய்விடும். ஆசிரியர் அறையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

மதியச் சாப்பாட்டு வேளையில் நூலகத்துக்கு வந்தார். மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

“அந்த வரி நான் எழுதுனதா டீச்சர்?”

“உங்க தாள்ல இருந்ததத்தான் சார் அடிச்சேன்.”

“தாள் இருக்கா?”

“அடிச்சதும் கிழிச்சிப் போட்டுருவேன் சார்.”

“எழுதியிருப்பேன்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

தாள்கள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மாவுக்குச் சொட்டு மருந்து இனி மூன்று வேளைதான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பர்வீன் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தாள். கொடுத்த பிறகும் போகவில்லை.

“டீச்சர், அந்தப் பக்கத்த நீக்குறதுக்கு முன்னாடி நான் வரலாறு பாத்தேன். அந்த வரி சேந்தது இருபத்தி நாலாம் தேதி, பதினொன்னே முக்காலுக்கு. அன்னிக்கு சார் லீவு. அவருக்கு அடிச்சிக் குடுக்குறது நீங்கதானே.”

நான் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

“நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க டீச்சர்.”

அவள் போன பிறகு பார்த்தால், ஒரே புத்தகத்தில் நாலு இடத்தில் முத்திரை குத்தியிருக்கிறேன்.

நடந்தது இதுதான் என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவர் பெயரில் உள்ளே நுழைந்து அவர் தாளை அடித்துக்கொண்டிருந்தேன். பதிவேடு பக்கத்தில் இருந்தது. வெளியே வந்து என் பெயரில் நுழைந்து அந்த வரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான். மறதி.

ஆகஸ்ட் 14, புதன்

சார் தம் விளக்கக் கடிதத்தை அடிக்கக் கொண்டுவந்தார். கையெழுத்து இப்போது முத்து முத்தாக இல்லை.

“வயது காரணமாக ஏற்பட்ட நினைவுக் குழப்பத்தில், எவ்வித ஆதாரமும் இல்லாத செய்தியை எழுதிவிட்டேன். அப்படியொரு வழக்கம் இப்பள்ளியில் என்றும் இருந்ததில்லை. என்னை மன்னிக்க வேண்டுகிறேன்.”

அடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுல கேட்டேன் டீச்சர், சமீபமா நான் எதையாவது மறக்குறேனான்னு. போன வாரம் கேஸ் அடுப்ப அணைக்காம விட்டீங்களேன்னா. அது எல்லாருக்கும் வர்ற மறதின்னு நினைச்சேன். இப்ப பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்.”

அடித்துக் கொடுத்தேன். ‘என்றும் இருந்ததில்லை’ என்பதையும் நானே அடித்தேன். அதற்குப் பத்து விரலும் ஒத்துழைத்தன.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணாப்புல நீ எங்கம்மா உக்காந்து படிச்ச?”

“எங்க உக்காந்தா என்ன, படிச்சேன்ல.”

“உள்ளயா வெளியயா?”

“இப்ப எதுக்குடி அது?” என்று கீரைக் காம்புகளை முறத்திலிருந்து தள்ளினார். அடுத்த கட்டை அவிழ்த்துக்கொண்டே, “மழை பேஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்காது” என்றார்.

பதிவேட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சார் கடிதத்தைக் கொடுக்க நான்கு மணிக்குத்தான் போவார் என்று தெரியும். மதியம் ஆள் அனுப்பி நூலகத்துக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து அவருடைய நான்கு தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் பதிவேடு.

“உங்க தாள்ல அந்த வரி இல்ல சார். அது நான் எழுதினது. உங்களுக்கு ஒரு மறதியும் இல்ல.”

தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவது தாளை முடித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் மேலே ‘வ – வராண்டா’ என்று குறிப்பு. கீழே பெயர்கள். கடைசி ஏழு பெயருக்கு எதிரே சிவப்பு மையில் வ, வ, வ. பக்கத்தின் அடியில் வகுப்பாசிரியர் கையொப்பம்: சு. ஆவுடையப்பன். அவர் விரல் அந்தக் கையொப்பத்தின் மேல் நின்றுவிட்டது.

“அப்பா கையெழுத்து.”

“ஆமா சார்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் என் பேருல போட்டீங்க.”

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“ஆமா சார். என் பேருல போட்டிருந்தா, இவ இதத்தானே எழுதுவான்னு ஒரே நிமிஷத்துல எடுத்திருப்பாங்க. உங்க பேருல இருந்ததாலதான் பன்னெண்டு நாள் இருந்துச்சு.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்.”

“கேட்டிருந்தா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேணாம்னு சொல்லியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

ஏழு பெயரில் மூன்றாவதைக் காட்டினேன். முத்துப்பேச்சி. “எங்கம்மா” என்றேன்.

அவர் மன்னிப்புக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒம்பது நாள். என் மூளை கழண்டுபோச்சுன்னு நான் நம்பிக்கிட்டு இருந்தேன். நீங்க தினமும் என்னப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க.”

நான் நான்கு தாள்களையும் அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சார் வெள்ளிக்கிழமை கடிதம் கொடுக்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லையாம், பர்வீன் சொன்னாள்.

இன்று காலை எழுத்து மூலம் சௌந்தரம் மேடத்திடம் கொடுத்துவிட்டேன். வரியை எழுதியது நான், சங்கரலிங்கம் ஆசிரியருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, சான்று இணைப்பில் உள்ள பதிவேடு. நீக்கிய பக்கத்தின் வரலாற்றையும் அச்செடுத்து வைத்தேன்.

மேடம் இரண்டு முறை படித்தார்.

“இதக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியும்ல? உங்களது துறை அனுமதிச்ச போஸ்ட் இல்ல. நிர்வாகம் ஒரே தாள்ல முடிச்சிடும்.”

“தெரியும் மேடம்.”

“கிழிச்சிப் போடட்டுமா? சார் மன்னிப்புக் கேட்டாருன்னா இதோட விட்டுருவாங்க. நான் பேசி வச்சிருக்கேன்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நிர்வாகக் குழு கூடியது. என்னைப் பத்து நிமிஷம் விசாரித்தார்கள். அடுத்தவர் பெயரில் எழுதியது குற்றமா என்றார்கள். குற்றம்தான் என்றேன். எழுதியது பொய்தானே என்றார்கள். பதிவேடு உங்கள் முன்னால் இருக்கிறது என்றேன். தாளாளர் அதைத் திறக்கவில்லை. “அந்தக் கால வழக்கம் அது. இப்ப யாரு உங்கள வெளிய உக்காரச் சொன்னா?” என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பிறகு சங்கரலிங்கம் சார் உள்ளே போனார். அவர் சொன்னதை மேடம்தான் சாயங்காலம் எனக்குச் சொன்னார். “அவங்க என் பேருல எழுதுனது தப்பு. எழுதுன விஷயம் தப்பில்ல. அது எங்கப்பா கையெழுத்து. நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.” இவ்வளவுதான் சொன்னாராம்.

அவருக்கு எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். துறைக்கு எழுதவில்லை. எனக்கு வேலை மாதக் கடைசியோடு சரி. பள்ளி வரலாற்றுப் பக்கம் அந்த வரி இல்லாமல் திரும்ப வரும். பதிவேடு பாதுகாப்பாகத் தாளாளர் வீட்டில் இருக்குமாம். ஒரு நகல் எடுத்து வைக்க எனக்குத் தோன்றாமல் போயிற்று.

மாடிப்படியில் சார் எதிரே வந்தார். வணக்கம் என்றேன். தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 31, சனி

ஐயாயிரத்து இருநூற்றுப் பதினாறு புத்தகம் சரிபார்த்து, சாவியைப் பர்வீனிடம் கொடுத்தேன். விக்கிப் பொறுப்பும் அவளுக்குத்தான். முதல் வேலையாக ஆளுக்கொரு கடவுச்சொல் போட்டாள். என் பெயரை எடுக்கும்போது, “நான் எடுக்கல டீச்சர், மேடம் சொன்னாங்க” என்றாள். நீ எடும்மா என்றேன்.

பறவைப் புத்தகம் வெளியே போயிருக்கிறது. திரும்பி வந்ததும் மூன்றாவது அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம், கொஞ்ச நாள் வீட்டில் இருக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். “இந்தக் கண்ணுக்காகவா?” என்றார். ஆமாம் என்றேன். இனி பொய் சொல்ல மாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் பெயர் இருந்ததையும். “அந்த வாத்தியார் மகனயா மாட்டிவிட்ட?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம். சங்கரலிங்கம் சார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்க வேண்டும், பின்னாலேயே நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“உங்கம்மாவப் பாக்கணும்” என்றார். என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை.

நாற்காலி போட்டேன். அம்மா கட்டிலிலிருந்து எழப் போனார். “நீங்க உக்காருங்கம்மா” என்றார் சார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

“நான் ஆவுடையப்பன் வாத்தியார் மகன்.”

“தெரியுது. நெத்தி அப்படியே இருக்கு.”

அவர் எதையோ கேட்க வந்து கேட்க முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டார்.

“எங்கப்பா உங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாரா?”

“குடுத்தாரே. நல்லாத்தான் சொல்லிக் குடுப்பாரு” என்றார் அம்மா. “ஜன்னல் வழியா.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்துவந்தேன்.

டீயை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். “தாளாளர் வீட்டுக்குப் போயிப் பதிவேட்டக் கேட்டேன். தேடணும்னு சொல்றாங்க. இனி கிடைக்காது.” பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “அதுல ஏழு பேர் இருந்துச்சும்மா. நான் பாத்தது ஒரு தடவைதான். அன்னிக்கு எங்கப்பா கையெழுத்தத் தவிர எதுவும் என் கண்ணுல படல. நீங்க சொன்னா எழுதிக்குவேன். என் பேருல, நானே.”

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பட்டியலில் அம்மா பெயரைத் தவிர எனக்கும் எதுவும் நினைவில் நிற்கவில்லை.

“சுடலமணி” என்று ஆரம்பித்தார். “மாடத்தி. நான். இருளப்பன், அவன் செத்துட்டான். பொன்னுத்தாயி திருப்பூர்ல மக வீட்டுல இருக்கா. அவ தம்பி கருத்தப்பாண்டி.”

சார் மடியில் ஒரு நோட்டை வைத்து ஒவ்வொரு பெயராக எழுதினார். டீ ஆறி ஆடை படர்ந்துவிட்டது. ஆறு பெயர் ஆனது. ஏழாவது அம்மாவுக்கு வரவில்லை. ஒரு பொண்ணு, ஒல்லியா இருப்பா, எனக்கு இந்தப் பக்கம் உக்காருவா என்று கட்டிலில் தமக்கு இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து என்னென்னவோ பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்.

“அவசரமே இல்லம்மா” என்றார் சார். பேனாவை மூடாமல் காத்திருந்தார்.